பூசாத பாதி

பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றில், சொந்த நாட்டில் தங்கள் மனசுப்படி சாமி கும்பிட முடியாமல் இங்கிலாந்தை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறிய கூட்டத்துக்குச் சில வரிகள்தான் ஒதுக்கியிருப்பார்கள். அந்தச் சில வரிகளுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும் ஆசிரியை இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒருத்திதான் இருப்பாள். அவள் எங்கள் பள்ளியில் இருக்கிறாள். பெயர் அன்புச்செல்வி. நேரில் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவேன். வயதில் என்னைவிட இளையவள் என்பதால் எழுத்தில் 'அவள்' என்று எழுதிக்கொள்கிறேன்.

என் வேதியியல் வகுப்பு அவளுக்கு அடுத்த அறை. நடுவில் பேருக்கு ஒரு சுவர் இருக்கிறது. அவள் குரல் எழுந்தால் என் பிள்ளைகள் பேனாவை வைத்துவிட்டு அந்தப் பக்கம் காதைக் கொடுத்துவிடுவார்கள். அமிலம், காரம் தெரியாத பிள்ளைக்குக்கூட பாஸ்டன் நகரத்தில் யார் யாரை விரட்டினார்கள் என்பது அத்துப்படி. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் நானும் கேட்பேன்.

அவள் சொல்லும் கதை இதுதான். ராஜாவும் அவருடைய பாதிரிகளும் இப்படித்தான் ஜெபிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த, அது பொறுக்காமல் ஒரு கூட்டம் கடல் கடந்து மாசசூசெட்ஸ் கரையில் இறங்கியது. மரம் வெட்டி, வீடு கட்டி, கொஞ்சம் மூச்சு விட்டதும் ஒரு விதி செய்தார்கள். திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஆண்களுக்கு மட்டும்தான் ஊர்க் காரியத்தில் ஓட்டு. மற்றவர்கள் வரியைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். ஒருவனுடைய மனசாட்சிக்குள் அரசாங்கம் கையை விடக்கூடாது என்று சொன்ன ரோஜர் வில்லியம்ஸ் என்ற போதகரை வெளியேற்றினார்கள். அந்த மனிதர் கொட்டுகிற பனியில் நடந்து போனார். வீட்டில் பெண்களைக் கூட்டிவைத்துப் பிரசங்கத்தைப் பற்றிப் பேசிய ஆன் ஹட்சின்சன் என்ற மருத்துவச்சியை நிற்க வைத்து விசாரித்து ஊரை விட்டு அனுப்பினார்கள். குவேக்கர் என்ற கூட்டத்தார் விரட்ட விரட்டத் திரும்பி வந்தபோது சிலரைத் தூக்கிலேயே போட்டார்கள்.

"ஓடி வந்தவன் கதவத் தெறந்து வைப்பான்னு நெனைக்காதீங்க பிள்ளைகளா. அவன்தான் மொதல்ல தாப்பாள் தேடுவான்" என்பாள்.

அந்த ரோஜர் வில்லியம்ஸ் மட்டும் அவளுக்கு வேறு. அவர் போய் உண்டாக்கிய ஊரில் யாரும் வந்து இருக்கலாம். அவருக்கும் குவேக்கர்களைக் கண்டால் ஆகாதுதான். வயதான காலத்தில் தானே படகு வலித்துப் போய் அவர்களோடு நாள்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார். ஆனால் போகச் சொன்னதில்லை. "திட்டுனாரு, தொரத்தல" என்று அவள் முடிக்கும்போது என் வகுப்பில் யாராவது பெருமூச்சு விடுவார்கள்.

இதெல்லாம் பொதுத்தேர்வில் வராதே என்று தலைமையாசிரியர் ஒருமுறை சலித்துக்கொண்டார். "வராது சார். ஆனா வீட்டுக்கு வரும்" என்றாள். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, ஏனென்றால் அப்போது அது அவள் வீட்டுக்கு வந்திருந்தது.

அவள் பிறந்த ஊர் மாதாகுளம். ஆவூருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன கிராமம், ஊர் முழுக்க கத்தோலிக்கர்கள். அப்பா அருளப்பன் நிலக்கடலை விவசாயம் பார்க்கும் சம்சாரி. அம்மா சவரியாயி. ஒரே பிள்ளை இவள். திருச்சியில் தங்கிப் படித்து எம்.ஏ. முடித்து, ஆய்வுக்குப் போனாள். தன் ஊர்ப் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றி எழுத ஆசைப்பட்டிருக்கிறாள். அந்தத் தலைப்பை வழிகாட்டி ஏற்கெனவே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மீதம் இருந்தது பாதியில் ஓடிப்போன எவனோ விட்டுப்போன தலைப்பு: ஆங்கிலேயக் குடியேற்றங்களில் மதமும் ஆட்சியும். மாதாகுளத்துப் பெண்ணுக்கும் மாசசூசெட்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று விடுதியில் உட்கார்ந்து அழுதாளாம். பிறகு நூலகத்தில் அந்த ஓட்டு விதியைப் படித்துவிட்டு, நூலகர் எழுந்து வந்து கண்டிக்கிற அளவுக்குச் சிரித்திருக்கிறாள். அது அப்படியே அவள் ஊர்த் தலைக்கட்டு விதி.

தலைக்கட்டு என்றால் ஒரு குடும்பம் என்று கணக்கு. மாதாகுளத்தில் கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்த ஆண் ஒரு தலைக்கட்டு. அவன் திருவிழா வரி கொடுப்பான், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் கூடும் ஊர்க்கூட்டத்தில் பேசுவான். விதவை என்றால் அரைத் தலைக்கட்டு. அவள் வரி கொடுக்கலாம், பேச முடியாது. கட்டிக் கொடுத்த பெண் புருஷன் ஊர்த் தலைக்கட்டில் சேர்ந்துவிடுவாள். யாருக்குத் தலைக்கட்டு இருக்கிறதோ அவர்கள் வாசலில்தான் திருவிழாச் சப்பரம் நிற்கும், அவர்களுக்குத்தான் கல்லறைத் தோட்டத்தில் குழி.

யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. திருமயம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் முதல் மாலை யாருக்கு என்ற வழக்கு நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. என் அப்பா ஏகாம்பரம் பம்பாயில் கடை வைத்து, சென்னையில் வீடு கட்டி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்த எதிர்த்தரப்பு வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். மாலையோ காய்ந்து சருகாகிவிட்டது. அதனால் அன்புச்செல்வி தன் ஊர்க் கதையைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எங்கள் வீட்டு ஞாபகமும் வந்தது.

அவள் கல்யாணம் அடுத்த வினை. மின்வாரியத்தில் வேலை பார்க்கும் செந்தமிழனைக் கட்டிக்கொண்டாள். அவர் சாமியே இல்லை என்கிற கட்சி. சார்பதிவாளர் அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டார்கள். கோயிலில் நடக்காத கல்யாணம் என்பதால் மாதாகுளம் அவளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. புருஷன் ஊரில் சேரலாமென்றால் அங்கே அவள் கிறிஸ்தவள், வேதக்காரி. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டவுன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை பார்ப்பாள். அங்கே யாரும் தலையை எண்ணுவதில்லை. எல்லாரும் வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கவலையில் வருகிறவர்கள்.

அப்பா இறந்தபோது சவரியாயி அம்மா அழுதுகொண்டே ஒரு காரியம் செய்தார். கொத்தனார் ராசுவிடம் சொல்லி இரட்டைக் கல்லறையாகக் கட்டச் சொன்னார். ஒரு பாதி புருஷனுக்கு. அதைப் பூசி, வெள்ளையடித்து, பேர் எழுதியாயிற்று. மறு பாதி தனக்கு. அதைச் செங்கல்லோடு பூசாமல் விட்டார்கள். நாளைக்குத் திறக்க வேண்டியது என்பதால் அப்படி விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாளுக்குப் போய், பூசிய பாதியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, பூசாத பாதியில் உட்கார்ந்து புருஷனோடு வீட்டு நியாயம் பேசிவிட்டு வருவாராம்.

சில வருஷங்களில் அம்மாவுக்கு வயிற்றில் ஒரு அறுவை சிகிச்சை. திருச்சியில் படுத்திருந்தபோது மாதாகுளத்திலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. அரைத் தலைக்கட்டுக்கு அரை அக்கறை. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாளைப் பார்க்க வந்த சபைக்காரர்கள், பெந்தெகொஸ்தே கூட்டத்தார், இவருக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டு வந்தார்கள். தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். தினமும் வந்தார்கள். வீடு திரும்பிய அம்மா அவர்கள் ஆராதனைக்குப் போகத் தொடங்கினார், பிறகு வெள்ளைச் சேலை உடுத்திக் காவிரியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார், காதுத் தோட்டைக் கழற்றினார், மாதா படத்தை மகளிடம் கொடுத்துவிட்டார். புதன்கிழமைதோறும் அவர் வீட்டில் நாலு பெண்கள் கூடி வேதம் வாசித்தார்கள்.

வீட்டில் பெண்களைக் கூட்டிவைத்து வேதம் பேசுவது.  இந்தக் கதை அடுத்து எங்கே போகும் என்று அன்புச்செல்வி ஆய்வேடே எழுதியிருந்தாள்.

அப்படியேதான் போனது. ஊர்த்தலைவர் வெற்றிசெல்வன், பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், கூட்டத்தில் பேசி அந்த அரைத் தலைக்கட்டையும் எடுத்துவிட்டார். சப்பரம் சவரியாயி அம்மா வாசலில் நிற்காமல் போனது. அம்மா அதற்கு அசரவில்லை. அது மரச் சிலைதானே என்றார். அவரை அசைத்தது வேறு. அவரோடு புதன்கிழமை கூடும் முனியாயி என்ற அம்மாள் திடீரென்று இறந்துபோனார். பக்கத்து ஊர்க்காரர். அந்த ஊர்ச் சுடுகாட்டில், மதம் மாறியவளை எங்கள் மண்ணில் வைக்காதே என்று மறித்தார்கள். மாதாகுளத்துக் கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் பூட்டுத் தொங்கியது. சடலத்தை வேனில் வைத்துக்கொண்டு வெயிலில் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் திருச்சிக்குக் கொண்டுபோய் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த இடத்தில் புதைத்தார்கள். சவரியாயி அம்மா அந்த வேனில் கூடவே போயிருந்தார்.

திரும்பி வந்ததும் மகளுக்கு போன் செய்தார். "செல்வி, என்னையும் வேன்ல வச்சு இப்படித்தான் சுத்துவீகளா?" என்று மட்டும் கேட்டாராம்.

அந்தக் கேள்விதான் அவளைப் பிடித்து ஆட்டியது. அம்மாவைப் பூசாத அந்தப் பாதியில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. ஊர்க் கோயில் பங்குச் சாமியாரிடம் போனாள். நல்ல மனிதர். தனக்கு ஆட்சேபணை இல்லை, ஊர்தான் ஒத்துக்கொள்ள வேண்டும், நீங்களே வந்து பேசுங்கள் என்று கூட்டத்தில் நேரம் வாங்கிக் கொடுத்தார். ஊர்க்கூட்டத்தில் பெண் பேசுவது மாதாகுளத்தில் அதுவே முதல் தடவை. கணக்கில் இல்லாதவள் என்பதால், ஊர்ப் பெண்ணாக இல்லாமல் வெளியூர் டீச்சராகப் பேசலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

அங்கேதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். அம்மாவுக்கு இடம் கொடுங்கள் என்று கேட்டு, ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் பாதிப் பேர் இளகியிருப்பார்கள். இவள் பாடம் நடத்தினாள். கப்பல், பனி, மருத்துவச்சி, தூக்குமரம் எல்லாவற்றையும் வகுப்பில் சொல்கிற மாதிரியே சொன்னாள். பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூட விழித்துக்கொண்டு கேட்டார்களாம். கொடுமைக்குப் பயந்து ஓடியவர்களே கொடுமை செய்த கதையைக் கேட்டு உச்சுக் கொட்டினார்கள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்திருக்கிறாள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ராசு கொத்தனார் எழுந்தார். கல்லறையைக் கட்டிய அதே ராசு. அப்பாவி மனிதர், நிஜமாகவே சந்தேகம்.

"டீச்சர், அந்த ஊருக்கு நம்ம ஆளுக, பூசை வைக்கிற ஆளுக, போயிருந்தா உள்ள விட்டிருப்பாகளா?"

மழுப்பியிருக்கலாம். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவளோ தலைகீழாக நின்றாலும் தப்பான விடைக்கு மார்க் போடாதவள்.

"விட்டிருக்க மாட்டாங்கண்ணே. நம்ம சேசு சபைச் சாமியார் வந்தா வெளியேத்தணும், திரும்பி வந்தா தூக்குன்னே சட்டம் போட்டிருந்தாங்க."

 சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். வெற்றிசெல்வன் மெதுவாக எழுந்து, டீச்சர் நல்ல விஷயம் சொன்னதற்கு நன்றி சொன்னார். நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே அந்தக் கூட்டம் நம்மை உள்ளே விடவில்லை, சாமியாரையே தூக்கில் போடச் சட்டம் வைத்திருந்தது, அதே மாதிரி பூசை வேண்டாம் என்று அவர்கள் வழி வந்தவர்களுக்கு நாம் எதற்கு இடம் விட வேண்டும் என்று கேட்டார்.  அதுவரை அரைமனதாக இருந்தவர்களும் கெட்டியாகிவிட்டார்கள். அவளுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, அடுத்த முறை மீதிக் கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டு அனுப்பி வைத்தார்கள்.

மறுநாள் ஆசிரியர் அறையில் டிபன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது வாய்க்கு வந்தது, விழுங்கிக்கொண்டேன். ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டுவிட்டேன்.

"பொய் சொல்லி எடம் வாங்கிருவேன். அம்மாவப் பொதைச்ச பொறகு எவனாவது புத்தகத்தப் பாத்துட்டு வந்து தோண்டச் சொன்னா என்ன பண்றது டீச்சர்?" என்றாள். 

அன்றைக்கு எனக்கு அந்த ஊர்மேல் வந்த கோபம் அடங்க வெகு நேரமாயிற்று. கஞ்சி கொண்டு வர ஆள் இல்லை, குழியைப் பூட்ட மட்டும் ஊரே திரண்டு வருகிறது.

அவள் விடவில்லை. ஊரோரத்தில் அப்பா கடலை போட்ட புஞ்சை அம்மா பேரில் இருந்தது. அதில் ஒரு துண்டை ஒதுக்கிப் புதைகாடாக அனுமதி வாங்குவது, எந்த மதமானாலும் எந்தச் சபையானாலும் இடம் இல்லை என்று வருகிறவர்கள் எல்லாருக்கும் அதைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்தாள். ரோஜர் வில்லியம்ஸ் ஊரை மாதாகுளத்துப் புஞ்சையில் உண்டாக்கப் போகிறாள் என்று நான் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆமாம், அதற்கென்ன என்றாள்.

திங்கட்கிழமைகளில் விடுப்பு எடுத்து ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நின்றாள். ஒரு மேஜை இன்னொரு மேஜைக்கு அனுப்பியது, அந்த மேஜை விடுப்பில் இருந்தது. இதற்குள் ஊரில் ஒரு அதிசயம் நடந்தது. மாதாகுளத்துக் கத்தோலிக்கர்களும் பக்கத்து ஊர் இந்துக்களும் கண்மாய்த் தண்ணீர்த் தகராறில் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. இந்தப் புதைகாட்டை எதிர்க்க அவர்கள் ஒரே வேனில் சேர்ந்து ஆட்சியரைப் பார்க்கப் போனார்கள். இருதரப்பையும் ஒன்றுசேர்த்து வைத்தவள் என்ற பெருமை அவளுக்கு உண்டு. செந்தமிழன்கூட, சாமியே இல்லாதவனை எதற்கு இந்தச் சாமிச் சண்டையில் இழுக்கிறாய் என்று ஒருநாள் கத்திவிட்டு, மறுநாள் அவரே வண்டியில் கொண்டுபோய் விட்டார்.

போர் போட்டுப் பார்த்து, தண்ணீர் பரிசோதனை செய்து, எல்லை அளந்து, எத்தனையோ தடவை திருப்பி அனுப்பி, கடைசியில் அதிகாரிகள் கொள்கையளவில் ஒத்துக்கொண்டார்கள். பாக்கி இருந்தது நிலத்துக்குச் சொந்தக்காரரின் சம்மதக் கையெழுத்து மட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். வழியில் கோழி வாங்கினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சவரியாயி அம்மா சின்ன உருவம். வெள்ளைச் சேலை, வெறுங்காது. கடலை உரித்துக்கொண்டே என்னை விசாரித்தார், என் மருமகனுக்கு வேலை கிடைக்க ஜெபிப்பதாகச் சொன்னார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகள் நீட்டிய தாளை வாய்விட்டு வாசித்தார். பாதியில் நிறுத்தினார்.

"எந்த மதத்தாரும்னா?"

"யாரா இருந்தாலும்மா. எடம் இல்லன்னு வாரவுக யாரா இருந்தாலும்."

அம்மா தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கோபமே இல்லாத குரலில் சொன்னார். யார் வேண்டுமானாலும் வந்தால் சிலுவையை நடுவார்கள், மெழுகுதிரி ஏற்றுவார்கள், படத்தை வைப்பார்கள், சூடம் கொளுத்துவார்கள். கர்த்தர் வரும்போது தான் எழுந்திருக்கப் போகிற இடம் அது. அங்கே அசுத்தம் கூடாது.

"முழுக்கு எடுத்தவுகளுக்கு மட்டும்னு மாத்தி எழுதிக் கொண்டா. போடுறேன்" என்றார்.

 "நான் எடுக்கலையேம்மா" என்றாள் அன்புச்செல்வி.

"எடுத்துருவ. நான் தெனமும் முழங்கால் போடுறேன்ல."

"எடுக்காட்டி?"

 அம்மா மகளை நன்றாகப் பார்த்தார். அந்த முகத்தில் பாசம் தவிர வேறொன்றும் இல்லை, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

"எடுக்காட்டி ஒனக்கென்ன? என் பாதி அங்க அப்பா பக்கத்துல சும்மாதானே கெடக்கு. நீ அதுல போய்ப் படுத்துக்க. நீ இன்னும் அந்தக் கோயிலுதானே."

சொத்தையே எழுதி வைக்கிற மாதிரி சொன்னார். கோயிலில் கல்யாணம் செய்யாத மகளுக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு சாண் மண்கூடக் கிடையாது என்பதை அந்தக் கணம் அவர் மறந்திருந்தார். மகளும் ஞாபகப்படுத்தவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். பின்னாலேயே நானும் போனேன். தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"கத்தணும் போல இருக்கு டீச்சர். யாரப் பாத்துக் கத்துறதுன்னுதான் தெரியல" என்றாள்.

கையெழுத்து வேண்டாம் என்று விட்டுவிடுங்கள், அம்மா இறங்கி வருவார் என்றேன். இறங்காவிட்டால் வேன்தானே என்று திருப்பிக் கேட்டாள். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, வயிற்றில் பழைய வலி மறுபடி தலைகாட்டுகிறது. யார் பிடிவாதம் முதலில் முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு நேரம் இல்லை. எனக்கு அந்த அம்மாவை உலுக்க வேண்டும் போல இருந்தது. இவளையும் உலுக்க வேண்டும் போல இருந்தது. கோழிக்குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். அம்மா ஜெபித்துவிட்டு, மகளுக்கு ஈரலை எடுத்து எடுத்து வைத்தார்.

அடுத்த வாரம் அவள் மாற்றி எழுதினாள். முழுக்கு ஞானஸ்நானம் பெற்ற சபையாருக்கு மட்டும். வகுப்பில் எந்த வரியைச் சொல்லிவிட்டு ஆத்திரப்படுவாளோ அந்த வரியைத் தன் கையாலேயே எழுதினாள். அம்மா கையெழுத்துப் போட்டார். சபை பாஸ்டர் இரும்புக் கேட் வாங்கிப் போட்டு, அதற்குப் பெரிய பூட்டும் வாங்கினார். இந்த விஷயம் தெரிந்ததும் மாதாகுளத்தில், இரட்டைக் கல்லறையில் ஆளில்லாத பாதியைக் கல்லறைத் திருநாளுக்குள் மூடிப் பூசிவிட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பாதியை வேறு தலைக்கட்டுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் நானும் அவளோடு போனேன். தோட்டத்தில் வெள்ளையடிப்பும் புல் செதுக்குவதுமாக ஜனம். ராசு கொத்தனார் கலவை குழைத்தார். அவள் அதைத் தட்டில் அள்ளி எடுத்துக் கொடுத்தாள். பூசாத செங்கல்லின் மேல் அம்மா வருஷா வருஷம் உட்கார்ந்த இடம் மட்டும் வழுவழுப்பாக இருந்தது. முதல் கரண்டி அதன்மேல்தான் விழுந்தது.

சுற்றுச்சுவருக்கு வெளியே ஓர் ஆட்டோ வந்து நின்றது. அம்மா இறங்கினார், கேட் வரைக்கும் வந்தார், உள்ளே வரவில்லை. சிலுவை நட்ட இடத்தில் கால் வைக்க மாட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"செல்வி, அங்கிட்டு மூலையில நல்லா அழுத்திப் பூசச் சொல்லு. மழத்தண்ணி எறங்குனா அப்பா பக்கம்தான் போகும்" என்று அங்கிருந்தே சத்தம் கொடுத்தார்.

ராசு அந்த மூலையில் இன்னொரு கை வைத்து அழுத்தினார். எல்லாம் முடிந்து கரண்டியைக் கழுவும்போது, மேலே யார் பேர் எழுத வேண்டும் என்று கேட்டார். வெறுமனே விடச் சொன்னாள். அவருக்கு மறுபடியும் ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"அப்ப ஒங்களுக்கு எங்கிட்டு டீச்சர்?"

அவள் கையிலிருந்த சிமெண்டைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு இன்னும் நாளு இருக்குண்ணே. அதுக்குள்ள இந்த ரெண்டு கூட்டமும் நாலா ஒடஞ்சிரும். ஏதாச்சும் ஒண்ணுக்கு ஆள் கொறையும்ல."

ராசு சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சுவருக்கு வெளியே அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. என்ன சொல்கிறாள் என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்கம்மா. பூசி முடிச்சாச்சு" என்றேன்.